இந்த டிஸ்கில் என்ன இருக்கிறது?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். பக்கத்துத் தெரு அக்கா வீட்டுக் கூடத்தில், சாப்பாட்டு மேசையின் ஓரமாக ஒரு பழைய லேப்டாப். கீபோர்டு அக்காவின் மகள் கையில். நான் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். அவள் இந்த வருஷம்தான் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கிறாள். லேப்டாப் அவள் அப்பாவுடையது. அவர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. அதில் இருக்கும் விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் அந்த ப்ராசஸர் அதற்கான பட்டியலிலேயே இல்லை. இயந்திரம் என்னவோ நன்றாகத்தான் ஓடுகிறது. அதனால் டெபியன் 13 என்கிற கட்டற்ற (மூல நிரல் எல்லோருக்கும் திறந்த) இயங்குதளத்தைப் போட்டுப் பார்க்கலாம் என்று பென்டிரைவோடு போயிருந்தேன்.

மொழி, நாடு, விசைப்பலகை, வைஃபை, கடவுச்சொல் என்று மளமளவென்று நகர்ந்தது. அப்புறம் டிஸ்கைப் பிரிக்கும் திரை வந்தது. முழு டிஸ்கையும் எடுத்துக்கொள் என்கிற முதல் வரியிலேயே அவள் என்டர் தட்டினாள். எந்த டிஸ்க் என்று அடுத்த திரை கேட்டது. கீழே ஒரே ஒரு வரி: ‘எஸ்சிஎஸ்ஐ1 (0,0,0) (எஸ்டிஏ) - 1.0 டிபி ஏடிஏ’ என்று தொடங்கி, மாடல் எண்ணோடு முடிந்தது. மேலே ஒரு குறிப்பு. தேர்ந்தெடுக்கும் டிஸ்கில் உள்ள எல்லாமே அழிக்கப்படும், ஆனால் நீங்கள் உறுதிப்படுத்துவதற்கு முன் அது நடக்காது என்று சொல்லும் குறிப்பு அது. அவள் ‘அழிக்கப்படும்’ வரைக்கும்தான் படித்தாள். கை நின்றுவிட்டது.

காபி டம்ளரோடு வந்த அக்கா அந்தக் கையைப் பார்த்துவிட்டுக் கேட்டார். “தம்பி, அவரோட போட்டோ, வீடியோ எல்லாம் இதுலதான் இருக்கு. ஒண்ணும் ஆயிடாதே?”

“ஒன்றும் ஆகாது அக்கா, இதுவரைக்கும் டிஸ்கில் ஒரு எழுத்துகூட எழுதவில்லை” என்று நான் சொன்னேன். என்னால் சொல்ல முடிந்தது. அந்தத் திரைக்கு அப்படிச் சொல்லத் தெரியவில்லை. நான் அங்கே உட்கார்ந்திருக்காவிட்டால் அந்தப் பெண் பயந்து பவர் பட்டனை அழுத்தியிருப்பாள், இல்லையென்றால் தைரியமாக இன்னும் நாலு என்டர் தட்டியிருப்பாள். இரண்டில் எது நடந்திருந்தாலும் மனசு கேட்டிருக்காது.

அன்றிலிருந்து இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கட்டற்ற இயங்குதளத்தை நிறுவுவது எளிதாக வேண்டும் என்று இத்தனை வருஷமாகப் பேசுகிறோம். பேச்செல்லாம் கேள்விகளைக் குறைப்பது, அழகான திரை, வேகம் என்றே போகிறது. இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்திருப்பவர் கேட்பது வேறு. ஏற்கெனவே இதில் என்ன இருக்கிறது, அதற்கு என்ன ஆகப்போகிறது? இயங்குதளத்தைக் கணினியில் ஏற்றும் மென்பொருள், அதாவது நிறுவி, முதலில் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

நான் முதன்முதலில் டெபியன் போட்டது 2003-ல், 3.0 பதிப்பு. ஒரு நண்பரின் அறை, கடன் வாங்கிய சிடிக்கள். மொத்தம் 7 சிடி. முதல் இரண்டுதான் எங்களிடம் இருந்தன. அந்தக் கால நிறுவியின் பெயரே பூட்-ஃப்ளாப்பீஸ், ஃப்ளாப்பி காலத்தில் பிறந்து அப்படியே வளர்ந்தது. நெட்வொர்க் கார்டு என்ன என்று நாம்தான் சொல்ல வேண்டும். கேபினட்டைத் திறந்து, கார்டின் சிப்பில் இருந்த ரியல்டெக் 8139 என்கிற எழுத்தைப் படித்து, அந்தக் கார்டை இயக்கும் மாட்யூலைப் பட்டியலில் தேடிப் பிடித்தோம். மானிட்டரின் கிடைமட்ட அதிர்வெண் எவ்வளவு என்று கேட்டது. மானிட்டரைத் திருப்பி, பின்பக்க ஸ்டிக்கரை டார்ச் அடித்துப் பார்த்தோம். விடிய விடிய வேலை. டிஸ்க் காலியானது, அதனால் எங்களுக்கு இழக்க எதுவும் இல்லை. அந்த நிம்மதியில்தான் அத்தனை கேள்விக்கும் துணிந்து பதில் சொன்னோம் என்பது இப்போதுதான் புரிகிறது.

2005 ஜூனில் டெபியன் 3.1 வந்தபோது நிறுவியை அடியோடு மாற்றியிருந்தார்கள். முந்தைய பதிப்புக்கும் இதற்கும் இடையே கிட்டத்தட்ட 3 வருஷம். அந்தத் தாமதத்தில் புது நிறுவிக்கும் ஒரு பெரிய பங்கு உண்டு. டெபியன் உருவாக்குநர்களில் ஒருவரான ஜோயி ஹெஸ் முன்னின்று நடத்திய அந்த வேலையை இன்றைக்குப் பார்த்தாலும் எனக்கு மரியாதை குறையவில்லை. வெளியே பார்க்க நீலத் திரை, சாம்பல் பெட்டி, அவ்வளவுதான். உள்ளே இருக்கும் அமைப்புதான் அருமை. நிறுவியே ஒரு குட்டி டெபியன். ஒவ்வொரு வேலையும் ஒரு சின்னப் பொதி (பேக்கேஜ்). நெட்வொர்க்குக்கு ஒன்று, டிஸ்க் பிரிக்க ஒன்று, கணினியைப் போட்டதும் இயங்குதளத்தைக் கிளப்பிவிடும் பூட்லோடருக்கு ஒன்று. எந்தப் பொதி எதைச் சார்ந்தது என்பதை வைத்தே அடுத்து எது என்று முடிவாகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது கேள்விகளுக்கு வரிசை மரியாதை கொடுத்த விதம். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னுரிமை உண்டு: கட்டாயம், உயர், நடுத்தரம், குறைவு. சாதாரணமாக ஓட்டும்போது மேல்மட்டக் கேள்விகள் மட்டும் கண்ணில் படும். மற்றவற்றுக்கு நிறுவியே பதில் வைத்துக்கொள்ளும். ஏதாவது ஒரு படி தோற்றுவிட்டால் முதன்மைப் பட்டியலுக்குத் திரும்பி, முன்னுரிமையை ஒரு படி இறக்கி, மறைத்து வைத்திருந்த கேள்விகளை எடுத்து முன்னால் வைக்கும். தெரிந்தவருக்கு ஒரு நிறுவி, தெரியாதவருக்கு ஒரு நிறுவி என்று இரண்டு செய்யவில்லை. ஒன்றையே இரண்டு பேருக்கும் பொருந்தச் செய்தார்கள். நல்ல டாக்டர் முதலில் நாலு கேள்வி கேட்பார், மருந்து கேட்காவிட்டால்தான் துருவித் துருவி விசாரிப்பார். அந்த மாதிரி.

ஆனால் எல்லாக் கேள்வியும் சரியாக எடை போடப்பட்டிருக்கிறது என்று சொல்ல மாட்டேன். ரூட் என்கிற நிர்வாகிக் கணக்குக்குக் கடவுச்சொல் கேட்கும் திரையை எடுத்துக்கொள்ளுங்கள். அதைக் காலியாக விட்டால், முதல் பயனருக்கே சுடோ என்கிற கட்டளை வழியாக நிர்வாக உரிமை கிடைக்கும். இது அந்தத் திரையின் விளக்கத்திலேயே இருக்கிறது, பத்தியின் கடைசியில். கடவுச்சொல் என்று ஒரு கட்டம் இருந்தால் யாராவது காலியாக விடுவார்களா? நிரப்புகிறார்கள். நிறுவி முடித்து, முதல் மென்பொருளைப் போட சுடோ என்று தட்டும்போது, ‘இந்தப் பயனர் சுடோயர்ஸ் கோப்பில் இல்லை’, அதாவது உனக்கு அந்த அனுமதி இல்லை என்று பதில் வருகிறது. இந்தச் செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டை எனக்கு அனுப்பியவர்கள் எத்தனையோ பேர். டெபியனிலிருந்து பிறந்த உபுண்டு 2004-ல் முதல் வெளியீட்டிலேயே ரூட் கடவுச்சொல்லைக் கேட்காமல் சுடோவை வழக்கமாக்கிவிட்டது. டெபியனும் இதில் கேள்வியையே மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. “நிர்வாக வேலைகளுக்கு உங்கள் கடவுச்சொல்லே போதுமா, தனியாக ஒன்று வேண்டுமா?” என்று கேட்டால் யாருக்கும் புரியும்.

உபுண்டுவைப் பற்றிச் சொல்லும்போது 2006 ஜூனில் வந்த 6.06-ஐச் சொல்லாமல் போக முடியாது. தபாலில் இலவசமாக வந்த அந்த சிடி உறையை நான் ரொம்ப நாள் பத்திரமாக வைத்திருந்தேன். சிடியைப் போட்டால் நேராக டெஸ்க்டாப் வரும். பாட்டுக் கேட்கலாம், இணையத்துக்குப் போகலாம், பிடித்திருந்தால் ‘நிறுவு’ என்கிற ஐகானைத் தட்டலாம். டிஸ்கைத் தொடாமல் ஓடும் சிடி என்பது நாப்பிக்ஸ் என்கிற இயங்குதளத்தின் காலத்திலேயே வந்துவிட்டதுதான். ஆனால் ஒரே சிடியில் ஓட்டிப் பார்ப்பதையும் நிறுவுவதையும் சேர்த்து, சாதாரண ஆளுக்கும் கைக்கெட்டுகிற மாதிரி கொடுத்தது உபுண்டு. நம் வைஃபை வேலை செய்கிறதா, சத்தம் வருகிறதா என்பதெல்லாம் டிஸ்க் கேள்வி வரும் முன்பே தெரிந்துவிடும். பிற்காலத்தில் அதே நிறுவியில் ஒரு வரி சேர்ந்தது. இந்தக் கணினியில் இப்போது விண்டோஸ் இருக்கிறது, என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்று பெயர் சொல்லிக் கேட்டது. அக்கா கேட்ட கேள்விக்குக் கிட்டத்தட்ட அதுதான் பதில். கலமாரெஸ் என்கிற நிறுவியும் இந்த விஷயத்தில் நன்றாகச் செய்கிறது. டிஸ்க் இப்போது எப்படி இருக்கிறது, முடிந்தபின் எப்படி இருக்கும் என்று இரண்டு வண்ணப் பட்டைகளை மேலும் கீழுமாகக் காட்டிவிடும். டெபியனின், நிறுவாமலே ஓட்டிப் பார்க்கக்கூடிய லைவ் பதிப்புகளில் 2019 முதல் அது இருக்கிறது. ஆனால் பெரும்பாலானவர்கள் இறக்கிக்கொள்ளும் சின்ன நெட்இன்ஸ்ட் (மீதியை இணையத்திலிருந்து எடுத்துக்கொள்ளும்) கோப்பில் பழைய நிறுவிதான்.

முழுக்க மாற்றி எழுதினால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் நினைக்கவில்லை. ஃபெடோரா என்கிற இன்னொரு கட்டற்ற இயங்குதளத்தின் 18-ம் பதிப்பில் அதன் அனகோண்டா நிறுவியைப் புதிதாக வடிவமைத்தார்கள். அந்த வேலை இழுத்ததில் 2012 நவம்பரில் வர வேண்டிய பதிப்பு 2013 ஜனவரியில்தான் வந்தது. வந்தபின் பார்த்தால் ‘முடிந்தது’ பொத்தான் இடது மேல் மூலையில். இத்தனை நாளும் வலது கீழ் மூலைக்குப் பழகிய கண் அதைத் தேடித் தவித்தது. திரை அழகாகத்தான் இருந்தது. டிஸ்க் பிரிக்கும் இடத்தில் மட்டும் பழகியவர்களே திணறினார்கள்.

டெபியன் நிறுவியில் என் காலத்தில் நடந்த ஆகப் பெரிய முன்னேற்றத்துக்கு ஒரு வரி நிரல்கூடக் காரணம் இல்லை, ஒரு வாக்கெடுப்புதான் காரணம். வைஃபை கார்டு வேலை செய்ய ஒரு ஃபர்ம்வேர் கோப்பு, அதாவது கார்டுக்குள்ளேயே ஓடும் சின்ன மென்பொருள், வேண்டும். அதன் மூல நிரல் கிடைக்காது, அதனால் அது கட்டற்றது இல்லை, அதனால் அதிகாரபூர்வ நிறுவிக் கோப்பில் அதற்கு அப்போது இடமும் இருக்கவில்லை. ஒரு தடவை கல்லூரிப் பையன்கள் நாலு பேருக்கு நிறுவப் போன இடத்தில், நாலு லேப்டாப்பிலும் ஒரே திரை: விடுபட்ட கோப்பு ‘ஐடபிள்யூஎல்வைஃபை’ என்று தொடங்கும் நீண்ட பெயர், அதை வேறொரு பென்டிரைவில் வைத்துச் செருகுங்கள். அந்தக் கோப்பை இறக்க இணையம் வேண்டும். இணையத்துக்கு அந்தக் கோப்பு வேண்டும். லேன் கேபிள் செருகும் துளையே இல்லாத மெல்லிய லேப்டாப்புகள். கடைசியில் என் போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி, அதன் டேட்டாவில் நாலையும் முடித்தோம். ஃபர்ம்வேர் சேர்த்த கோப்பும் டெபியனிடம் இருந்தது. ஆனால் அதிகாரபூர்வமற்றது என்று பெயர் வைத்து, தளத்தின் ஏதோ ஒரு மூலையில் இருந்தது. புதிதாக வருபவர் எப்படி அங்கே போவார்?

2022 ஏப்ரலில் ஸ்டீவ் மக்கிண்டயர் இதை வெளிப்படையாக எழுதினார். அவர் முன்னாள் டெபியன் திட்டத் தலைவர், இந்த நிறுவிக் கோப்புகளைத் தயாரிக்கும் குழுவில் இருப்பவர். அதன் தொடர்ச்சியாக வாக்கெடுப்பு நடந்து, அந்த அக்டோபரில் முடிவு வந்தது. கட்டற்றதல்லாத ஃபர்ம்வேரையும் அதிகாரபூர்வக் கோப்பிலேயே சேர்க்கலாம், ஒரே நிறுவி போதும். இதற்காக, டெபியன் தன் கொள்கைகளாக 1997-ல் எழுதிய சமூக ஒப்பந்தத்தையே திருத்தினார்கள். அப்படித் திருத்த மூன்றுக்கு ஒன்று என்ற பெரும்பான்மை வேண்டும். 2023 ஜூனில் வந்த டெபியன் 12 முதல் நடைமுறை. கொள்கையை விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று வருத்தப்பட்ட நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்கள் வருத்தம் நியாயமானது, நானும் மூடிய ஃபர்ம்வேரை விரும்புகிறவன் இல்லை. ஆனால் அந்த விவாதத்தில் வந்த ஒரு விஷயம் என்னை முழுக்க இந்தப் பக்கம் இழுத்தது. சில லேப்டாப்புகளில் சத்தம் வரவே ஃபர்ம்வேர் வேண்டும். சத்தம் இல்லையென்றால் பார்வையற்றவர் நிறுவவே முடியாது.

டெபியன் நிறுவி பேசும் என்பது பலருக்குத் தெரியாது. பூட் ஆகும் பட்டியலில் எஸ் தட்டி என்டர் அழுத்தினால் ஒவ்வொரு திரையையும் குரலில் வாசிக்கும். எதையுமே தட்டாமல் விட்டால், சில நொடிகளில் பேச ஆரம்பித்துவிடும் என்று அந்தப் பட்டியலின் அடியிலேயே எழுதியிருக்கும், எண்கள் குறைந்துகொண்டே வரும். பார்வை உள்ளவர் எப்படியும் ஏதோ ஒரு விசையைத் தட்டிவிடுவார். தட்டாமல் காத்திருப்பவருக்குத் திரை தெரியவில்லையோ என்று நினைத்து, அவரிடம் பேசத் தொடங்குகிறது. இதை யோசித்தவர்களை நேரில் பார்த்தால் கையைப் பிடித்துக்கொள்வேன்.

சரி, அக்கா வீட்டுக்கு வருகிறேன். திரையையே பார்த்துக்கொண்டிருந்தவர், “இது தமிழ்ல வராதா?” என்றார். வரும். பின்னால் போய் மொழித் திரையில் தமிழைத் தேர்ந்தெடுத்தோம். 2007 ஏப்ரலில் வந்த டெபியன் 4.0-ல் வரைகலை நிறுவி சேர்ந்தபோது தமிழும் உள்ளே வந்தது. அந்தப் பதிப்பின் நிறுவி 58 மொழிகளில் இருந்தது. எழுத்துத் திரை நிறுவியில் தமிழ் வராததற்குக் காரணம் நம் எழுத்துதான். ‘கொ’ என்று நாம் எழுதுவது கணினிக்குள் ககரம் ஒன்று, ஒகரக் குறி ஒன்று. திரையில் காட்டும்போது அந்தக் குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இரு பக்கமும் போய் உட்கார வேண்டும். வரிசையாகக் கட்டம் கட்டமாக எழுத்தை அடுக்கும் கன்சோலுக்கு அது தெரியாது.

அக்கா அங்கன்வாடியில் வேலை பார்க்கிறவர், சத்தமாக வாசித்துப் பழக்கம். வாசித்தார். ‘வட்டு’ என்ற சொல்லில் நின்றார். “வட்டுன்னா?” “ஹார்ட் டிஸ்க் அக்கா.” “அப்ப டிஸ்க்குன்னே போடலாமே.” இதை மொழிபெயர்த்தவர்கள் சம்பளம் வாங்காமல், தூக்கத்தை விட்டுச் செய்தவர்கள். அவர்களால்தான் அக்காவால் வாசிக்கவே முடிந்தது. ஆனால் அந்த வேலை எப்படி நடக்கிறது என்று பாருங்கள். பிஓ என்கிற மொழிபெயர்ப்புக் கோப்பில் ஆங்கில வரி ஒன்று, கீழே தமிழ் வரி ஒன்று. எந்தத் திரையில், எதற்கு அடுத்து, யார் கண்ணில் படப்போகிறது என்பதெல்லாம் கோப்பில் தெரியாது. மொழிபெயர்த்து முடித்ததும் ஒருமுறை பென்டிரைவில் ஏற்றி, கணினி வேலையே தெரியாத ஒருவரை உட்கார வைத்துச் சத்தமாக வாசிக்கச் சொன்னால், ஒரே மதியத்தில் பத்து இடம் திருந்தும். தமிழ் விசைப்பலகையைத் தேர்ந்தால் ஆங்கிலத்துக்கு மாற எந்த விசை என்று ஒரு கேள்வி வருமே, அது எதற்கு என்பதும் அப்போதுதான் நமக்கே உறைக்கும். அங்கே கவனிக்காமல் போனால், கடவுச்சொல் தமிழில் பதிவாகிவிட்டு, மறுநாள் உள்ளே நுழைய முடியாமல் நிற்க வேண்டியதுதான்.

டெபியனில் நிறுவல் அறிக்கை என்று ஒன்று இருக்கிறது. எந்த இயந்திரம், எந்தக் கோப்பு, எப்படி பூட் செய்தீர்கள் என்று மேலே எழுதிவிட்டு, கீழே ஒரு பட்டியலை நிரப்ப வேண்டும். முதல் பூட், நெட்வொர்க் கார்டு கண்டுபிடித்தல், டிஸ்க் கண்டுபிடித்தல், பிரித்தல், அடிப்படை அமைப்பு, பூட்லோடர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். சரியாக நடந்தால் ஓ, பிழை என்றால் ஈ, முயலவில்லை என்றால் காலி. எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் அனுப்பலாம். அதுவும் அவர்களுக்கு உதவும். அன்று இரவு நான் ஒன்று எழுத உட்கார்ந்தேன். எல்லாக் கட்டத்திலும் ஓ. பிரித்தல் கட்டத்திலும் ஓ தான், ஏனென்றால் இயந்திரம் எதையும் தவறாகச் செய்யவில்லை. அக்காவின் பயத்துக்கு அந்தப் பட்டியலில் கட்டம் இல்லை. கடைசியில் கருத்துகள் என்று விட்டிருக்கும் இடத்தில்தான் எழுதினேன்.

எழுதியது இவ்வளவுதான். டிஸ்க் திரையின் மேலே, நிறுவி தொடங்கியதிலிருந்தே, இதுவரை டிஸ்கில் எதுவும் எழுதப்படவில்லை என்று ஒரு வரி நிற்கட்டும். எழுதத் தொடங்கும் நொடியில் அந்த வரி மாறட்டும். மாடல் எண்ணுக்குப் பக்கத்தில், இதில் விண்டோஸ் இருக்கிறது, இத்தனை ஜிபி நிரம்பியிருக்கிறது என்று வரட்டும். மற்ற இயங்குதளங்களைக் கண்டுபிடிக்கும் ஓஎஸ்-ப்ரோபர் நிறுவிக்குள்ளேயே இருக்கிறது. அது பூட்லோடர் போடும் கடைசிக் கட்டத்தில்தான் வாயைத் திறக்கிறது. அதைக் கொஞ்சம் முன்னால் கூப்பிட வேண்டும். ‘அழிக்கப்படும்’ என்ற சொல்லை வாக்கியத்தின் நடுவில் வைக்காமல், உறுதி கேட்கும் அந்தக் கடைசித் திரையில் தனியாக, பெரிதாக வைக்க வேண்டும். அந்தக் கடைசித் திரையைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. எந்தெந்தப் பகுதி மாறும் என்று பட்டியல் போட்டு, எழுதலாமா என்று கேட்டு, ‘இல்லை’ என்பதில்தான் தேர்வை நிறுத்தி வைக்கும். தெரியாமல் என்டர் தட்டினால் ஒன்றும் ஆகாது.

அன்று நாங்கள் முழு டிஸ்க் வழியில் போகவில்லை. நிறுவியை அப்படியே மூடிவிட்டு விண்டோஸுக்குத் திரும்பினோம். அக்கா பீரோவிலிருந்து ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் எடுத்துவந்தார். போட்டோ, வீடியோ எல்லாம் அதில் நகலெடுக்க ஒன்றரை மணி நேரம். அப்புறம் விண்டோஸின் விரைவுத் தொடக்கத்தை அணைத்தோம்; அது இருந்தால் விண்டோஸ் முழுதாக மூடாமல் பாதித் தூக்கத்தில் இருக்கும், அந்த நிலையில் அதன் பகுதியைத் தொடக் கூடாது. விண்டோஸின் டிஸ்க் மேலாண்மையிலேயே 200 ஜிபி சுருக்கிக் காலி இடம் செய்தோம். மறுபடி பென்டிரைவ், மறுபடி தமிழ். இந்தத் தடவை காலியாக இருக்கும் பெரிய இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும் வழி. கடைசித் திரையை அந்தப் பெண்ணே சத்தமாக வாசித்தாள். ஒவ்வொரு பகுதியாக விரல் வைத்து, “இது நம்மது, இது புதுசு” என்று அம்மாவுக்குச் சொன்னாள். ‘ஆம்’ என்பதற்கு நகர்த்துவதற்கு முன் அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். அவர் தலையாட்டினார்.

மறுதொடக்கம் ஆனபோது பட்டியலில் டெபியனுக்குக் கீழே விண்டோஸ் இருந்தது. “முதல்ல அதுக்குள்ள போ” என்றார் அக்கா. போய், போட்டோ ஃபோல்டரைத் திறந்தாள். ஏதோ ஒரு கோயில் வாசல், அவர் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார். அக்கா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சரி, இப்ப அந்தப் புதுசைக் காட்டு” என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.